காவிரிக்குப் பின்னாலேயே கடலுக்கு: கொங்கு நாட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஈரோட்டுக்காரன். பூம்புகாரில் தொடங்கிக் கோடியக்கரை வரை நீளும் கரைக்கு உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் பலமுறை கூட்டிப் போய் வந்திருக்கிறேன். ஊரில் யார் கிளம்பினாலும் முதல் நாள் இரவு எனக்கு ஒரு போன் வரும். கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான்.

கடல் பார்க்கத்தானே? கோவையிலிருந்து கொச்சி பக்கமாயிற்றே. எதற்குக் கிழக்கே அவ்வளவு தூரம்?

அலையில் கால் நனைத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டு வர வேண்டும் என்றால் கொச்சிக்கே போங்கள், தடுக்கவில்லை.

கிழக்கே போவதற்குக் காரணம் வேறு. பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் நாம் தலை முழுகும் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் அது. ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாலிகையை ஆற்றில் விடுகிறோம். அது எங்கே போகிறது என்று ஒருவராவது பின்னாலேயே போய்ப் பார்த்ததுண்டா?

ஆற்றைப் போலவே நம் ஊர்ச் சரக்கும் அந்தப் பக்கம் போயிருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் பல கட்டமாக அகழாய்வு நடந்தது. கல்மணி அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைக்கும் பச்சைக்கல்லுக்கு ரோமாபுரி வரை கிராக்கி இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கைக் கடந்து கரூரைத் தொட்டுக் கிழக்கே போன தடம்தான் அந்தக் காலத்து நெடுஞ்சாலை. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே இராசகேசரிப் பெருவழி என்று பாறையில் வெட்டிய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. புகார் என்ற பழைய பூம்புகார்த் துறைமுகத்தில் குவிந்த சரக்குகளைப் பட்டினப்பாலை வரிசை போடும்போது குதிரைகள் நீர்வழி வந்தன, மிளகு மூட்டைகள் வண்டியில் வந்தன என்கிறது. மேற்கு மலை மிளகு வண்டி ஏறிக் கீழ்க்கடலுக்குப் போக வேண்டுமானால் நம் ஊரைத் தாண்டாமல் எப்படிப் போயிருக்கும்? இது என் ஊகம்தான், ஆனால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

பொங்கல் முடிந்ததும் கிளம்புங்கள். மாசி வரை வெயில் பதமாக இருக்கும்.

திருப்பூர்க்காரர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. பனியன் கம்பெனிகளில் நீண்ட விடுமுறை தீபாவளிக்குத்தான் கிடைக்கிறது என்று அப்போது கிளம்பிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் அந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை. நமக்கு மழை என்றால் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்வது. அங்கே மூன்று நாள் விடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகேதான் கரையைக் கடந்தது. தென்னை மரங்களெல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்துகிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

சித்திரை, வைகாசியில் போகலாம். ஆனால் நம் வெயில் வேறு, அந்த வெயில் வேறு. நம்முடையது வறண்டது, நிழலுக்குப் போனால் ஆறிவிடும், கணவாய்க் காற்றும் கைகொடுக்கும். அங்கே நிழலிலும் சட்டை முதுகோடு ஒட்டும். பிற்பகலில் கடற்காற்று ஏறிய பிறகுதான் மூச்சு விடலாம். காலை ஆறிலிருந்து பத்து, மாலை நான்குக்கு மேல் என்று வெளியே சுற்றுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலா, காரா?

வயதானவர்கள் இருந்தால் ரயில். கோவையிலிருந்து காலையில் கிளம்பும் மயிலாடுதுறை ஜனசதாப்தி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மதியத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். நேரே தெற்குக் கரையில் இறங்க வேண்டுமானால் எர்ணாகுளம்–காரைக்கால் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. கண் விழித்தால் நாகப்பட்டினம். நேரமும் ஓடும் நாளும் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் போனால் ஈரோட்டிலிருந்து பூம்புகார் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். முக்கொம்பிலும் கல்லணையிலும் நிறுத்தாமல் போகாதீர்கள். நம் ஊரில் பாலத்துக்குப் பாலம் அகலமாகத் தெரியும் ஆறு அங்கேதான் கொள்ளிடம், வெண்ணாறு என்று பங்கு பிரிகிறது. அதைப் பார்க்காதவர்களுக்குக் கடைசியில் பூம்புகார் பெரிய ஏமாற்றமாக இருக்கும். அடுத்துச் சொல்கிறேன்.

காவிரி கடலில் கலக்கும் இடம் எப்படி இருக்கும்?

என் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, கூட்டிப் போனபோது நடந்ததைச் சொன்னால் புரியும். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. கூடுதுறையில் பிடித்த தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் துணி கட்டி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பூம்புகாரில் சங்கமுகத்துக்குப் போய் நின்றோம். இடப்பக்கம் மணல் திட்டு. வலப்பக்கம் அலை தின்னாமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள். நடுவில் ஓர் ஓடை, கலங்கலாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடல் அலை ஒன்று உள்ளே ஏறி வரும்போதெல்லாம் ஓடை தயங்கி நின்று, பின்னுக்குப் போய், மறுபடி வந்தது.

அம்மாயி சிறிது நேரம் பார்த்தார். "ஏன் கண்ணு, காவிரி எங்கே?" என்று கேட்டார்.

"இதுதான், அம்மாயி."

"நம் கீழ்பவானி வாய்க்கால் இதைவிட அகலம் அல்லவா!"

பொய்யில்லை. அணைகளும் பாசனமும் கிளை ஆறுகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் முகத்துவாரத்துக்கு வருகிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாட்களில் கொஞ்சம் உடம்பு பிடித்திருக்கும். அம்மாயி சொம்பின் துணியை அவிழ்த்துத் தண்ணீரை அந்த ஓடையில்தான் ஊற்றினார், கடலில் அல்ல. "இதற்கே போதவில்லை" என்றார்.

தை, ஆடி அமாவாசைகளில் அதே இடத்தில் திதி கொடுக்க ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அன்று போனால் ஆற்றைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம்.

பூம்புகாரில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் கடற்கரையில் இறங்கி, சிப்பி மாலை வாங்கி, அரை மணியில் வண்டி ஏறியவர்கள். பட்டினத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சிலப்பதிகாரக் கலைக்கூடம். 1973இல் கட்டியது, கண்ணகி கதையைச் சுவரில் கல்லில் செதுக்கி வரிசையாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கதை தெரியாவிட்டால் ரயிலிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே மரங்களடியில் நாளங்காடி என்ற பகல் சந்தை என்று நகர அமைப்பையும் சொல்லி வையுங்கள். அதைக் கேட்டுவிட்டுக் கரையில் நிற்பதும் வெறுமனே நிற்பதும் ஒன்றல்ல.

பிறகு கீழையூர். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை மேடை அங்கே கிடைத்தது. படகு கட்ட நட்ட மரத்தூண்களின் அடிக்கட்டைகளும் கிடைத்தன. மேலையூர்ப் பக்கம் பல்லவனீச்சரத்தில் ஒரு புத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் "பழைய செங்கல் கட்டடம், வேலி போட்டிருக்குமே" என்று சொன்னால்தான் புரிகிறது. முதல் தடவை நான் விகாரை என்று கேட்டு ஒரு விடுதி வாசலில் கொண்டுபோய் இறக்கப்பட்டேன். பார்ப்பதற்கு முழங்கால் உயரச் சுவர்கள்தான். ஆனால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செங்கல்லைப் பாருங்கள்: நம் சூளைச் செங்கல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிது, பலகை போலத் தட்டையானது.

ஊர் கடலுக்குள் போனதற்கு மணிமேகலை ஒரு காரணம் சொல்கிறது. சித்திரையில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவைச் சோழ மன்னன் மகனைப் பிரிந்த துயரத்தில் மறந்துவிட்டான். அதனால் கடல்கோள் வந்தது. அகழாய்வாளர்களும், 1980களுக்குப் பிறகு நீருக்கடியில் தேடியவர்களும் கரை அரிப்பு, அலைச் சீற்றம் என்று பேசுகிறார்கள். ஒரு திருவிழா தவறினால் ஊரே போகும் என்று நம்பியவர்களின் மண் அது. திருவிழாவை அவர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

பக்கத்தில் திருவெண்காடு இருக்கிறது. பெரும்பாலோர் புதன் பரிகாரத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அகோரமூர்த்தியைப் பார்க்காமல் வராதீர்கள். இந்த ஊரில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ரிஷபவாகன தேவர் செப்புத் திருமேனி இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காளையின் மேல் கை ஊன்றி நிற்கும் பாவனை. கைக்குக் கீழே காளை மட்டும் இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் இறங்கினால் பார்த்துவிடலாம்.

கடலில் குளிக்கலாமா?

கூடாது என்றே சொல்வேன். நமக்கு வாய்க்காலிலும் கிணற்றிலும் நீச்சல் தெரியும். அதுதான் ஆபத்து. வாய்க்கால் இழுப்பு ஒரே திசை. கடல் இழுப்பு காலடி மணலையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும். கணுக்கால் அளவோடு நில்லுங்கள். வேளாங்கண்ணியிலும் அப்படியே. எச்சரிக்கைப் பலகையை அலங்காரத்துக்கு நட்டு வைக்கவில்லை.

திருக்கடையூரில் மணிவிழா வைத்திருக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

கொங்கிலிருந்து இந்தக் கரைக்குப் போகும் கூட்டத்தில் பாதி இதற்குத்தான் போகிறது. மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த தலம். ஆகவே அறுபது நிறைந்தால் மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று அன்றாடம் பல ஜோடிகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பார்கள். நாளைத் தமிழ் மாதமும் பிறந்த நட்சத்திரமும் பார்த்துக் குறியுங்கள், ஆங்கிலத் தேதியை அல்ல.

நம் பெரியவர்கள் ஒன்றில் திகைப்பார்கள். நம் கல்யாணத்தில் சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரான அருமைக்காரர் நின்று ஒவ்வொரு சீராகச் செய்து முடிப்பார். அங்கே குருக்கள் கலசம், ஹோமம், மந்திரம் என்று வேறு முறையில் நடத்துவார். மாமன் சீரை எப்போது வைப்பது, வெற்றிலை மாற்றுவது எங்கே என்று நடுவில் சண்டை வந்ததைப் பார்த்திருக்கிறேன். சீர்களை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்; நிம்மதி.

செலவு: எங்கள் பெரியப்பாவுக்குச் செய்தபோது இடைத்தரகர் ஒருவர் போனில் ஒரு தொகை சொல்லி, நேரில் மாலைக்குத் தனி, கலசத்துக்குத் தனி, சாப்பாட்டு இலைக்குத் தனி என்று ஏற்றிக்கொண்டே போனார். கோவில் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுப் பதிந்து ரசீது வாங்குங்கள்.

காரியம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். தரங்கம்பாடி பத்து நிமிடப் பயணம்.

தரங்கம்பாடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

ஒரு மாலை, முடிந்தால் மறுநாள் விடியலும். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்கியர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டினது.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் கோட்டையல்ல. அதற்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோவில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பூம்புகாரில் ஏட்டில் படித்ததை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

நாகப்பட்டினத்தில் புத்த விகாரை இருந்ததாமே, எங்கே?

இன்று நின்று பார்க்கும்படி எதுவும் இல்லை. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் சூளாமணி விகாரை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் நிவந்தமாகக் கொடுத்தான். சிவபக்தனான அரசன் கடல் கடந்த நாட்டு மன்னனின் பௌத்தப் பள்ளிக்கு ஊர் எழுதிக் கொடுத்த அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளில் சிலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஊருக்குள் மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே மிக அதிக உயிர்ச்சேதம் இந்த மாவட்டத்தில்தான். செல்பி எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் மற்ற மதத்தார் போகலாமா?

இதைக் கேட்பவர்களுக்கு நான் நாகூர் தர்காவின் மனோரா என்கிற உயரக் கோபுரத்தைத்தான் காட்டுவேன். தர்காவின் ஐந்து மனோராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். தலையில் ஒரு துணி, காலில் செருப்பு இல்லாமல் போங்கள், போதும்.

திருவிழா நாளில் போவதா, தவிர்ப்பதா?

கைக்குழந்தையோடு போவதாக இருந்தால் தவிருங்கள். மற்றவர்கள் ஒரு திருவிழாவையாவது பார்த்தே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் அறை கிடைக்காது. காவி உடுத்துப் பல நாள் நடந்து வருபவர்களைச் சாலை ஓரம் முழுக்கப் பார்ப்பீர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர்களுக்கு அந்த நடை, அந்தக் கொப்புளம், அந்த அன்னதானப் பந்தல் எல்லாம் பழக்கமானவைதாம்.

நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி பதினான்கு நாள். இஸ்லாமிய நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினோரு நாள் முன்னே நகரும். போன வருடத் தேதியை நம்பிக் கிளம்பாதீர்கள்.

என் வாக்கு காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு. ஆனிப் பௌர்ணமி. காரைக்கால் அம்மையார் கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்த கதை. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது இருபுறத்து மாடிகளிலிருந்தும் மாம்பழத்தை இறைக்கிறார்கள், கீழே கூட்டம் கையேந்திப் பாய்கிறது. நேர்த்திக்கடன் செலுத்துபவர் இறைக்கிறார். குழந்தை வரம் வேண்டுபவர் பிடித்ததை மடியில் கட்டிக்கொள்கிறார். எனக்கு ஒரு பழம் நேராக நெற்றியில் வந்து விழுந்தது. வலித்தது, தின்றுவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும், தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளாது. பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிதண்ணீரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர், பவானிசாகர் அணை மீனே தின்று பழகிய நாக்குக்குக் கடல்மீன் வேறு உலகம். சங்கராவைக் குழம்பிலும் வஞ்சிரத்தை வறுவலிலும் கேளுங்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. பள்ளி விடுமுறையில் போய்விட்டு "மீன் யானை விலை" என்று புலம்புபவர்களுக்கு அதுதான் காரணம். நாகூரில் இறால் வைத்த வாடாவையும் தம்ரூட் என்ற இனிப்பையும் விடாதீர்கள். அரிசியும்பருப்பும் சாதம் எங்கும் கிடைக்காது, கேட்டு அவர்களைக் குழப்பாதீர்கள்.

கோடியக்கரை வரை போக வேண்டுமா?

மூன்றாவது நாள் கையில் இருந்தால். டிசம்பர், ஜனவரியில் பூநாரைகள் வந்திருக்கும். வெளிமான்கள் எப்போதும் உண்டு. வழியில் வேதாரண்யம் உப்பளங்கள். 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதான். அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

சிப்பிப் பொம்மைகள் வீட்டுக்கு வருவதற்குள் உடைந்துவிடும். நாகப்பட்டினத்தில் கருவாடு வாங்குங்கள். நெத்திலியும் வஞ்சிரமும் நம் சந்தையில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும். காலையில் போய், கையால் ஒடித்துப் பார்த்து வாங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். மூன்று பிளாஸ்டிக் உறை, மேலே ஒரு செய்தித்தாள், அதற்கும் மேலே ஒரு துண்டு. இவ்வளவு கட்டியும் ஒருமுறை இரவு வண்டியில் திருச்சி வருவதற்குள் எதிர் பெர்த்துக்காரர் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க, நெத்திலிதானே? கிலோ என்ன விலை?" என்று கேட்டார். அவரும் ஈரோட்டில்தான் இறங்கினார். பாதியை அவருக்கே கொடுத்துவிட்டேன்.